இடிக்கிற இடத்துக்கு வந்த கார்

பழைய வீடுகளை இடித்து வயிறு வளர்த்த குடும்பம் அது. கட்டுகிறதுக்கு ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரில் கீறல் விழாமல் இடிக்கிறதுக்கு அந்த அண்ணனும் தம்பியும்தான். அண்ணன் பேச்சுக்காரன். எந்த வீடு எப்போது விழப்போகிறது என்று மோப்பம் பிடித்துப் போய், வாய்ப்பந்தல் போட்டு வேலையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். தம்பிக்கு வாய் கிடையாது, கைதான். ஏழு கிலோ சம்மட்டியைக் காலையில் தூக்கினால் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பான். அண்ணன் பெண்சாதி இடிந்து விழுந்த செங்கல்லை எல்லாம் ஓரமாகக் குவித்து, பழைய சுண்ணாம்பையும் சிமென்டையும் கத்தியால் சுரண்டி, விற்கிற கல்லாக்கி அடுக்குவாள். அவள் இருமினால்கூடக் கொஞ்சம் புழுதி வரும் என்று கூலியாட்கள் சிரிப்பார்கள்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லோடு வண்டி. அப்பன் விட்டுப்போன சொத்து. வலது பக்கக் கதவைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். ஹாரன் வேலை செய்யாது. சின்னவன் வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே போவான். கிளட்சு போனாலும் கியர் போனாலும் அவனே அடியில் படுத்துச் சரி பண்ணிவிடுவான். பேப்பர் மட்டும் அண்ணன் பேரில் இருந்தது. அப்பன் செத்தபோது சின்னவன் மைனர். பிறகு மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவனைத் தெருவே துரை என்றுதான் கூப்பிடும். அவன் போடுகிற வெள்ளைச் சட்டையால் வந்த பேர். இடிக்கிற இடத்துக்கு வெள்ளைச் சட்டையில் வருகிற ஆள் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். டீக்கடையில் முன்பின் தெரியாதவன் குடித்த டீக்கும் இவன்தான் காசு கொடுப்பான். செருப்பு அறுந்தால் தைக்கமாட்டான், புதுசு. கல்லில் பட்டுக் கைக்கடிகாரம் உடைந்தால் அதைவிடப் பெரிசாக ஒன்று.

"காசு கையில நின்னா உங்களுக்குக் கை அரிக்குமா?" என்பாள் அவன் பெண்சாதி.

"அரிக்குது. என்ன பண்ணச் சொல்ற?"

"கழுவுங்க. புழுதியா இருக்கும்."

கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கைநீட்டமாட்டான். தம்பிக்கும் சேர்த்துத்தான் சட்டை எடுப்பான். தம்பி அதைப் போடாமல் மடித்து வைத்திருப்பான். அவ்வளவுதான் அவர்களுக்குள் தகராறு.

மெயின் ரோட்டில் ஒரு பழைய கிடங்கு இடிபடப் போகிறது என்று கேள்விப்பட்டு துரை லோடு வண்டியில் போனான். இரண்டு மாதத்துக்கு வேலை இருக்கிற கட்டடம். வாசலில் காவல்காரன், "குப்பை வண்டிக்கெல்லாம் பின்னாடி கேட்டு" என்று கையைக் காட்டினான். "நான் இடிக்கிற காண்ட்ராக்ட் பேச வந்திருக்கேன்" என்று இவன் சொன்னதற்கு, "யாரா இருந்தா என்ன, வண்டி குப்பை வண்டிதானே" என்றான். பின்வாசலில் நெடுநேரம் நிறுத்திவைத்தார்கள். உள்ளே போனபோது, காரில் வந்த ஒரு ஆள் வேலையைப் பேசி முடித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது துரையின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவன் என்னத்தை இடிச்சிருக்கான்? வேர்க்கடலைத் தோடுகூட இடிச்சிருக்கமாட்டான். கார்ல வந்தான், கிடைச்சிருச்சு. இந்த உலகம் மனுஷனைப் பாக்கறதில்ல, அவன் எதுல வந்து இறங்குறான்னு பாக்குது."

"பாத்துட்டுப் போகட்டும். நாம இறங்குறதுக்கா வண்டி வச்சிருக்கோம்? ஏத்துறதுக்கு" என்றாள் அவள்.

சின்னவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இது.

சந்துக்குள் ஒரு மாடி வீடு. மூன்று நாளில் இடித்துத் தரைமட்டமாக்கியாயிற்று. மண்ணும் கல்லும் மலையாகக் கிடந்தது. மறுநாள் அஸ்திவாரம் தோண்ட எந்திரம் வருகிறது, இன்றைக்குள் இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்கவேண்டும் என்று கட்டடக் காண்ட்ராக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் சின்னவன், அண்ணி, கூலிக்கு நான்கு பேர் எல்லாரும் வந்துவிட்டார்கள். "நீங்க நடந்து போங்க, நான் டீசல் போட்டுட்டு வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்று முதல் நாளே துரை சொல்லியிருந்தான்.

வண்டி வரவில்லை. வெயில் ஏறியது. அள்ளிக் கட்டிய மூட்டைகள் சந்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. சந்துக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பொம்பளை மாடியிலிருந்து வாளித் தண்ணீரைக் கொட்டினாள். புழுதிக்குத்தான் கொட்டினேன் என்றாள், ஆனால் கூலியாள் தலையில்தான் விழுந்தது.

உச்சிவெயிலில் காண்ட்ராக்டர் வந்தார். ஒரு மூட்டைகூட நகரவில்லை என்று பார்த்தார்.

"வண்டி எங்கடா?"

"வந்துரும்" என்றான் சின்னவன்.

"எப்ப?"

சின்னவனுக்குத் தெரிந்தால்தானே சொல்ல. தலையைக் குனிந்தான். காண்ட்ராக்டர் பளார் என்று அறைந்துவிட்டார். கன்னத்தில் படிந்திருந்த சுண்ணாம்புப் பொடி அவர் விரல் அடையாளத்தில் மட்டும் உதிர்ந்து, ஐந்து கோடு சிவப்பாகத் தெரிந்தது. "சாயந்திரத்துக்குள்ள எடம் காலியாகலன்னா உங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் நாளைக்குத் தோண்டுற குழியில போட்டு மேல கான்கிரீட்டைக் கொட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவன் கன்னத்தைத் தடவவில்லை. சம்மட்டியை எடுத்து, இடிபடாமல் மிச்சம் கிடந்த ஒரு படிக்கல்லைப் போட்டு உடைத்தான். உடைந்ததை மறுபடி உடைத்தான். அது ஜல்லியாகிற வரைக்கும் விடவில்லை. அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சந்து முனையில் ஹாரன் கேட்டது. நல்ல ஹாரன்.

வெள்ளைக் கார். சந்து அகலத்துக்கு அது வருவதே பெரிய பாடு. மூட்டைகளை உரசாமல் அங்குலம் அங்குலமாக வந்து நின்றது. துரை இறங்கினான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. பரிசு வாங்கிவந்த பிள்ளையின் சிரிப்பு.

"எப்படிடா இருக்கு?"

சின்னவன் காரைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் பார்த்தான்.

"வண்டி எங்கண்ணே?"

"இதுதான்டா வண்டி."

"நம்ம வண்டி."

"அதைக் கொடுத்துத்தானேடா இதை எடுத்தேன். மாத்திக்கிட்டோம். அந்தத் தகரத்துக்கு இதைக் கொடுக்கிறான்னா ஆளு ஏமாளி. மீதிக்கு உங்க அண்ணியோட..." என்று ஆரம்பித்தவன் பெண்சாதியைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

அவள் எழுந்து வந்தாள். "என்னோட எது?"

"வாங்கித் தர்றேன். இதைவிடக் கனமா வாங்கித் தர்றேன்."

அவளுடைய கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் இறங்கியது. வேலைக்கு வரும்போது நகை எதையும் போட்டுக்கொண்டு வரமாட்டாள். வீட்டில் டப்பாவில்தான் வைத்துவிட்டு வருவாள்.

"இந்த மண்ணை எதுல அள்ளுறது?" என்றான் சின்னவன்.

"வாடகைக்கு எடுப்போம்டா. இனிமே நாம வண்டி ஓட்டுற ஆளு இல்ல, வண்டிக்காரனை வேலை வாங்குற ஆளு. முதல்ல மனுஷன்னு மதிக்கணும்டா நம்மளை. உள்ள உக்காந்து பாரு, ஏசி..."

"எதுல அள்ளுறது?"

"அதான் சொல்றேனே..."

"நான் பத்து வருஷம் அதுக்கு அடியிலதான் கிடந்தேன்" என்றான் சின்னவன். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

துரைக்கு அப்போதுதான் தம்பி கன்னத்துக் கோடுகள் கண்ணில் பட்டன. "யாருடா அடிச்சது? எவன்டா அவன்?" என்று கையைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தான். சின்னவன் அவனை நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். வெள்ளைச் சட்டையில் இரண்டு உள்ளங்கையும் புழுதியாகப் பதிந்தன. துரை கார்க் கதவில் போய் மோதினான். சின்னவன் குனிந்து சம்மட்டியை எடுத்தான்.

"டே. விளையாடாத."

தம்பியின் கண்ணைப் பார்த்ததும் துரை காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டான். உள்ளே ஆள் இருந்தால் அடிக்கமாட்டான் என்று நினைத்திருப்பான்.

முதல் அடி முன்விளக்கில். இரண்டாவது அதற்குப் பக்கத்து விளக்கில். பிறகு பானெட் மடிந்து உள்ளே போயிற்று. முன்கண்ணாடி ஓரடிக்கு உடையவில்லை. வெள்ளையாகச் சிலந்திவலை மாதிரி பிரிந்து, மூன்றாம் அடியில் துரையின் மடியில் தொய்ந்தது. பின்பக்கக் கண்ணாடிகள் கல்லுப்பாகக் கொட்டின. சின்னவன் வெறியில் கண்டபடி அடிக்கவில்லை. அதைத்தான் பிற்பாடு கூலியாட்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். ஒரு வீட்டை எப்படி இடிப்பானோ அப்படி இடித்தான். மூச்சை வாங்கி, காலை ஊன்றி, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம். ஒருவன் பின்னாலிருந்து போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். முழங்கையால் வாயில் ஒரு இடி வாங்கிக்கொண்டு பல்லைத் துப்பினான். அதற்குப் பிறகு யாரும் கிட்டே போகவில்லை.

"விடுடா! தம்பி, விடுடா! இன்னும் ஒரு நாள்கூட ஓட்டலடா!"

சின்னவன் டிரைவர் பக்கம் வந்தான். ஜன்னல் கண்ணாடி ஓரடியில் போயிற்று. அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த சைடு கண்ணாடி ஒன்றுதான் அந்தக் காரில் முழுசாக மிச்சம் இருந்தது. சம்மட்டி மேலே போயிற்று. துரை என்ன நினைத்தானோ, "இதையாவது விடுடா" என்று வலது கையை வெளியே நீட்டி அந்தக் கண்ணாடியை மூடினான்.

சம்மட்டி பாதி வழி வந்திருந்தது. ஏழு கிலோ. அதை அந்தரத்தில் நிறுத்த எந்தக் கையாலும் ஆகாது.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. துரையும் உடனே கத்தவில்லை. கையை உள்ளே இழுத்துப் பார்த்தான், யாருடையதோ என்பது போல. அப்புறம்தான் கத்தினான். அண்ணிதான் முதலில் ஓடினாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அந்தக் கையைச் சேர்த்துச் சுற்றி இறுக்கினாள். துண்டு நனைந்து சொட்டியது.

சின்னவன் சம்மட்டியோடு அப்படியே நின்றான். அண்ணி திரும்பிப் பார்த்துக் காறி உமிழ்ந்தாள்.

"மரம் மாதிரி நிக்கிற? ஓட்டுடா!"

அந்தச் சந்தில் வேறு வண்டி ஏது? துரையைப் பின் சீட்டில் ஏற்றி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவன் முன்கண்ணாடியைக் காலால் உதைத்து வெளியே தள்ளிவிட்டு, கண்ணாடித் தூள் மேலேயே உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் கிளம்பியது. சந்தில் கிடந்த மூட்டைகளைக் கூலியாட்கள் இழுத்து எறிய எறிய, பின்பக்கமாகவே எடுத்தான். மெயின் ரோட்டில் காற்றும் புழுதியும் நேராக முகத்தில் அறைந்தன. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பின்னால் துரை புலம்பிக்கொண்டே வந்தான். "என் வண்டியை அவன் ஓட்டக்கூடாது. இறங்கச் சொல்லு." கொஞ்சம் கழித்து, "சீட்டுல ரத்தம் படாமப் பாத்துக்க. போகாது" என்றான்.

"வாயை மூடுங்க" என்று அவள் அழுதாள்.

சுட்டுவிரலும் கட்டைவிரலும் தப்பின. மற்ற மூன்றையும் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் ஒரு போலீஸ்காரர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்னவன் சுவரோரம் நின்றான்.

"என்னய்யா ஆச்சு?"

"கல்லு விழுந்துருச்சுங்க" என்றான் துரை.

"கையில."

"ஆமாங்க. இடிக்கிற எடம்."

"கார் வெளிய நிக்குதே, பாத்தேன். அது மேலயும் கல்லுதானா?"

"பக்கத்துலதாங்க நிறுத்தியிருந்தேன்."

"ஒவ்வொரு கண்ணாடியாத் தேடிப் போய் விழுந்திருக்கு. கெட்டிக்காரக் கல்லு."

துரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "எழுதிக்கங்க, கல்லுன்னு" என்றான்.

போலீஸ்காரர் எழுந்தார். வெளியே போகும்போது சின்னவனைக் கழுத்தில் பிடித்துத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், சத்தம் இல்லாமல் வயிற்றில் ஒரு குத்து விட்டார். அவன் மடிந்து உட்கார்ந்தான். "இது உன் அண்ணனுக்காக. எனக்கும் ஒரு அண்ணன் இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு போனார்.

பார்க்க வந்தவர்கள் பலரகம். எதிர்வீட்டுக்காரி பழத்தோடு வந்தாள். நல்லவள்தான், வாய்தான் நிற்காது. "என்ன இருந்தாலும் விரலுக்கேத்த வீக்கம் வேணும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். அண்ணி கையிலிருந்த எவர்சில்வர் சொம்பு பறந்து போய் அவள் நெற்றியில் விழுந்தது. அதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு தையல்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கஷ்டம் என்றால் என்ன என்று தெரிந்தது. காண்ட்ராக்டர் வேறு ஆளை வைத்து மண்ணை அள்ளிக்கொண்டார். செய்த வேலைக்கும் கூலி இல்லை என்றார். காரை மாற்றிக் கொடுத்த தரகனிடம் அண்ணி போனாள். அவன் காரைச் சுற்றி வந்து விழுந்து விழுந்து சிரித்தான். லோடு வண்டி கைமாறி எங்கோ போய்விட்டிருந்தது. வாடகை வண்டி எடுத்தால், வருகிற கூலி வண்டிக்கே சரியாகப் போகும். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அண்ணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னவன் முன்னால் போட்டாள்.

"பின் சீட்டைக் கழட்டு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்ஜின் நல்லாத்தானே இருக்கு? கழட்டு. பின் கதவு ரெண்டையும் எடு. மூட்டை ஏத்தணும்."

அன்றிலிருந்து கண்ணாடி இல்லாத அந்த வெள்ளைக் கார் செங்கல் சுமந்தது. பின்பக்கம் தரையோடு தரையாகத் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகும். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். ஒரு வாரத்தில் அதற்கு வெள்ளை என்ற நிறமே இல்லை.

துரை ஜன்னல் வழியாகப் பார்த்தான். முதல் நாள் தட்டை எறிந்தான். இரண்டாம் நாள் பெண்சாதி மேலேயே எறிந்தான். "என் காரைக் குப்பை வண்டி ஆக்கிட்டியேடி!" அவள் சோற்றைத் தலையிலிருந்து தட்டிவிட்டு நிதானமாக அவன் கிட்டே வந்தாள். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். கல் தூக்கிய கை. அவன் கால் தரையில் பாவவில்லை.

"சோத்தை எறியறதா இருந்தா நாளையிலேருந்து சம்பாதிச்சு எறியுங்க. செங்கல் சுரண்ட ரெண்டு விரல் போதும். எனக்கு அதுக்கு மேல தேவைப்பட்டதே இல்ல."

மறுநாள் அவன் வந்தான். முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தான்.

ஒரு பழைய பள்ளிக்கூடச் சுவர் அது. சின்னவன் மேலே நின்று இடித்தான். துரை கீழே இடது கையில் கத்தி பிடித்துச் சுரண்டினான். பேச்சு எல்லாம் அவள் வழியாகத்தான். "கல்லு விழும், தள்ளிக்கச் சொல்லுங்க அண்ணி" என்பான் மேலே இருப்பவன். "எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லு" என்பான் கீழே இருப்பவன். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. அவள் இரண்டையும் சொல்லமாட்டாள். இப்படியே நாட்கள் போயின.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். துரை தண்ணீர் பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். இரண்டு விரலுக்கு அது பிடி கொடுக்கவில்லை. வழுக்கி வழுக்கிப் போயிற்று. சின்னவன் எழுந்து வந்து, பாட்டிலை எடுத்துத் திறந்து அண்ணன் முன்னால் வைத்தான்.

துரை அதை எடுத்துத் தம்பி முகத்தில் அடித்தான். தண்ணீர் சிதறியது. எழுந்து இடது கையால் ஓங்கி ஒரு அறை விட்டான். இன்னொன்று. சின்னவன் நகரவில்லை. துரை அடித்துக்கொண்டே இருந்தான். கன்னம், காது, கழுத்து, எங்கே படுகிறது என்று பார்க்கவில்லை. "கேக்கல! ஆமாடா, உன்னைக் கேக்கல! உனக்கும் சேத்துத்தான்டா வாங்கினேன்! கேட்டா வேணாம்னுவ! எப்பவும் வேணாம்னுவ!" என்று கத்திக்கொண்டே அடித்தான். சின்னவன் உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. கையைத் தொங்கவிட்டு, சிறுபிள்ளையைப் போல முகத்தைக் கொடுத்துக்கொண்டே நின்றான். கூலியாள் ஒருவன் எழப்போனான். அண்ணி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

கடைசியில் துரைக்கு மூச்சு வாங்கியது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் இடது கையைத் தூக்கி உதறினான். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

"இந்தக் கையும் வலிக்குதுடா" என்றான்.

கார் உடைந்த நாளுக்கு அப்புறம் தம்பியிடம் அவன் கத்தாமல் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். சின்னவன் வாய்விட்டு அழுதான். அவன் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அண்ணி எழுந்து தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "முடிஞ்சிருந்தா மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க, ரெண்டு பேரும். மழை வர்ற மாதிரி இருக்கு. மண்ணு நனைஞ்சா கனம் கூடிரும்."